பட்டா யார் பேரில்?

1953-ஆம் வருஷம் ஹாலிவுட்டில் பில்லி வைல்டர் என்ற டைரக்டர் ஒரு படம் எடுத்தார். அதன் பெயர் 'ஸ்டாலாக் 17'. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட அமெரிக்க விமானப் படையினரை அடைத்து வைத்திருந்த ஒரு முகாமின் கதை. கைதிகளுக்குள்ளேயே இருந்துகொண்டு ஒருவன் உளவு சொல்கிறான். அவன் யார் என்று மற்றவர்கள் தேடுகிறார்கள். வில்லியம் ஹோல்டனுக்கு அந்தப் படத்தில் நடித்ததற்காக ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

நான் சொல்ல வந்த விஷயத்துக்கும் இந்தப் படத்துக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. இருபது வருஷம் கழித்து, 1973-ல், ஜமெய்க்காத் தீவின் தலைநகரான கிங்ஸ்டனில் ஒரு இசைத்தட்டு வெளிவந்தது. அதில் பாட்டு இல்லை. வாத்திய சங்கீதம் மட்டுந்தான். வார்த்தையே இல்லாத ஒன்றை எப்படி அழைப்பது? ஏதாவது ஒரு பெயர் வேண்டுமே! வாத்தியத் தட்டுகளுக்குச் சினிமாவிலிருந்து பெயர் எடுத்து வைப்பது அந்தக் காலத்தில் அங்கே சகஜமாக இருந்தது. குழந்தை பிறந்த வாரத்தில் பார்த்த படத்தின் கதாநாயகன் பெயரைக் குழந்தைக்கு வைத்து விடுகிறவர்கள் நம் ஊரிலும் உண்டல்லவா? அப்படித்தான் இதற்கும் 'ஸ்டாலாக் 17' என்று பெயர் விழுந்தது.

அந்தத் தட்டின் மேல் பக்கத்தில் ஒலிப்பது ஆர்கன் என்ற வாத்தியம். வாசித்தவர் ஆன்ஸெல் காலின்ஸ். கீழே ஒரு பாஸ் கிதார், டிரம்ஸ். பாஸ் கிதாரில் வருகிற ஸ்வரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிறிது தூரம் போய், திரும்பி வந்து, மறுபடி அதே வழியில் போகிறது. அவசரம் இல்லை. வீட்டு வாசலில் உலாவுகிற கிழவரைப்போல ஒரு நிதானம். ஆனால் ஒருமுறை காதில் ஏறிவிட்டால் இறங்குவதில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் உலகத்தின் காதிலிருந்து அது இறங்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

ஜமெய்க்காவில் இப்படிப்பட்ட அடித்தளத்துக்கு 'ரிடிம்' என்று பெயர். ரிதம் என்ற ஆங்கிலச் சொல் அந்த ஊர் ஜனங்களின் வாயில் அப்படி ஆயிற்று. தாளம் என்று மொழிபெயர்த்தால் போதாது; பாஸ் கிதாரின் ஸ்வரங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. மெட்டு என்றாலும் பொருந்தாது. நம் காவடிச் சிந்து மெட்டில் வேறொருவர் பாட்டு எழுதினால், பாடுகிற வழியும் கூடவே வந்துவிடுகிறது; வார்த்தைதான் புதிது. ரிடிமில் பாடுகிற வழி கிடையாது. அது வெறும் மனை. அதன்மேல் யாரும் வந்து தங்கள் வீட்டைக் கட்டிக்கொள்ளலாம். ஒருவர் மாடி வீடு கட்டுவார், ஒருவர் குடிசை போடுவார். ஒரே மனையில் ஒரே சமயத்தில் நூறு வீடுகள் இருக்கலாம். ஒன்றை ஒன்று இடிப்பதில்லை. உலகத்தில் வேறு எந்த மனைக்கும் இந்த விசேஷம் இல்லை.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று பார்த்தால் அதற்குள்ளும் ஒரு கதை இருக்கிறது.

1950-களிலிருந்தே கிங்ஸ்டனில் ஏழை எளிய ஜனங்கள் கூடி ஆடுவதற்கு 'ஸவுண்ட் ஸிஸ்டம்' என்று ஒரு ஏற்பாடு இருந்து வந்தது. வாத்திய கோஷ்டியை வரவழைத்தால் பணம் நிறையக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அலமாரி போன்ற ஒலிபெருக்கிப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, திறந்த வெளியில் அடுக்கி, இசைத்தட்டுப் போடுவார்கள். தட்டைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறவர் ஒருவர். மைக்கைப் பிடித்துக்கொண்டு இடையிடையே பேசி, கூவி, கூட்டத்தை உற்சாகப்படுத்துகிறவர் இன்னொருவர். இந்த இரண்டாமவருக்கு அங்கே 'டீஜே' என்று பெயர். ஆட்டம் நடந்த அந்த வெளிகளின் பெயரால்தான் பின்னால் ஒரு சங்கீதத்துக்கே 'டான்ஸ்ஹால்' என்ற பெயர் நிலைத்தது.

1967, 68 வாக்கில் கிங்ஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள ஸ்பானிஷ் டவுன் என்ற ஊரில் ரட்டி ரெட்வுட் என்பவர் இப்படி ஒரு ஸவுண்ட் ஸிஸ்டம் நடத்தி வந்தார். டியூக் ரீட் என்ற தயாரிப்பாளரின் கூடத்தில் 'பாரகன்ஸ்' என்ற குழுவினர் பாடிய ஒரு பாட்டுக்கு அவர் தனிப் பிரதி ஒன்று கேட்டார். தட்டு வெட்டிக் கொடுத்த ஒலிப்பதிவாளர் பாடகர்களின் குரலைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். கைத்தவறுதான். வேறொருவராக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார். ரெட்வுட் அதை ஆட்ட வெளிக்கு எடுத்துப் போனார். முதலில் குரலோடு கூடிய தட்டைப் போட்டார். உடனே பின்னாலேயே குரலில்லாத தட்டைப் போட்டார். கூட்டம் என்ன செய்தது தெரியுமா? விட்டுப்போன பாட்டைத் தானே பாடத் தொடங்கிவிட்டது.

ஒரு சின்னக் காலியிடம் கிடைத்ததும் ஜனங்கள் அதை நிரப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜமெய்க்காத் தட்டுகளில் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் 'வெர்ஷன்' என்ற குரலில்லாத பகுதி என்பது வழக்கமாயிற்று. 1970-ல் யூ ராய் என்ற டீஜே, பழைய பாட்டுகளின் அடித்தளத்தின்மேல் தன் பேச்சையும் கூவலையும் ஏற்றி, அதே டியூக் ரீடின் கூடத்தில் தட்டுகள் கொடுத்தார். அவருடைய மூன்று தட்டுகள் ஒரே சமயத்தில் ஜமெய்க்கா வானொலி வரிசையில் முதல் மூன்று இடங்களில் இருந்தன. மைக்கைப் பிடித்துப் பேசுகிறவனும் கலைஞன்தான் என்பது அன்றோடு ஊர்ஜிதமாயிற்று.

இனி நம் ஸ்டாலாக்குக்கு வருகிறேன். அந்தத் தட்டை வெளியிட்டவர் வின்ஸ்டன் ரைலி. அவரே ஒரு பாடகர். பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோதே, ஜமெய்க்கா சுதந்திரம் அடைந்த 1962-ல், 'டெக்னிக்ஸ்' என்ற பாட்டுக் குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவர். மற்றவர்களுக்காகப் பாடிப் பாடி, அதில் பாடகனுக்கு மிஞ்சுவது என்ன என்று பார்த்திருப்பார் போலும். 1968-ல் தாயாரிடம் பணம் கடன் வாங்கி, குழுவின் பெயரையே வைத்துச் சொந்தமாகத் தட்டுக் கம்பெனி தொடங்கினார். ஆன்ஸெல் காலின்ஸும் டேவ் பார்க்கரும் அவருக்குச் செய்து கொடுத்த 'டபிள் பாரல்' என்ற தட்டு 1971-ல் இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போயிற்று. தாயாரின் கடன் வீண்போகவில்லை. அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்ததுதான் ஸ்டாலாக்.

வந்தவுடனேயே வீடு கட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். பிக் யூத் என்ற டீஜே அதன்மேல் ஒரு பாட்டுச் சொன்னார். சாமியார் உபதேசம் செய்கிற தோரணை. 1979 வாக்கில் ஜெனரல் எக்கோ என்பவர் 'ஆர்லீன்' என்ற பெண் பெயரை வைத்து ஒன்று பாடினார்; அது குறும்பும் கிண்டலும் நிறைந்தது. அதே மனை. முதல் வீட்டில் பூஜை மணி. அடுத்த வீட்டில் சீட்டுக் கச்சேரி! எக்கோவின் தட்டு ஜமெய்க்காவில் பிரமாதமாக ஓடிற்று. 1980 நவம்பரில் கிங்ஸ்டன் போலீஸாரின் துப்பாக்கிக்கு அவர் இரையானார். அவருடைய ஸவுண்ட் ஸிஸ்டத்தைச் சேர்ந்த இரண்டு பேரும் அவரோடு செத்தார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். என் தமக்கையின் மகன் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறான். ஒரு நாள் சாயங்காலம் வந்தவன், காதில் மாட்டுகிற கருவியை என் தலையில் பொருத்தி, "மாமா, ரெண்டு பாட்டுப் போடறேன். என்ன வித்தியாசம்னு சொல்லுங்க" என்றான்.

கேட்டேன். "முதலாவது பெண் குரல். இரண்டாவது ஆண் குரல். அவள் பேசுகிற மாதிரி பாடுகிறாள்; இவன் அழுகிற மாதிரி பாடுகிறான்."

"கீழே?"

"கீழே இரண்டும் ஒன்றுதானே!"

"அதேதான் மாமா. ரெண்டுக்கும் மூணு வருஷம் இடைவெளி" என்று சிரித்தான்.

பெண் குரல் ஸிஸ்டர் நான்ஸியுடையது. பாட்டின் பெயர் 'பாம் பாம்', வருஷம் 1982. ஆண் குரல் டெனர் ஸா என்ற இளைஞனுடையது. அவன் பாடியது 1985-ல் வந்த 'ரிங் தி அலாரம்'. அன்று முதல் அந்த மனையைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். யார் யார் அங்கே குடியிருந்தார்கள், என்ன வாடகை கொடுத்தார்கள், பட்டா யார் பேரில் என்றெல்லாம் விசாரிப்பது கதை எழுதுகிறவனுக்குப் பழக்கமான தொழில்தானே?

நான்ஸி 1962-ல் கிங்ஸ்டனில் பிறந்தவர். ஓஃப்லின் ரஸ்ஸல் என்பது பெற்றோர் இட்ட பெயர். வீட்டில் பதினைந்து குழந்தைகள். அண்ணன் பிரிகேடியர் ஜெர்ரி பெயர் பெற்ற டீஜே. அண்ணன் பின்னால் போய், பதினைந்து பதினாறு வயதிலேயே நான்ஸியும் மைக்கைப் பிடித்துவிட்டார். அந்த நாளில் ஆட்ட வெளியில் மைக் ஆண்களின் சொத்து. இரவு முழுவதும் நடக்கிற கூட்டம், இடி இடிப்பதுபோல் சத்தம், போட்டி, கேலி. அங்கே ஒரு பெண் போய் நின்று பேசுவது என்றால் சாமானியமா? 1980-ல் வின்ஸ்டன் ரைலி அவருடைய முதல் தட்டை வெளியிட்டார். 1982-ல் 'ஒன் டூ' என்ற முழு நீளத் தட்டு வந்தது.

அந்த நீளத் தட்டுக்கு ஒன்பது பாட்டுகள் முடிந்து, பத்தாவது ஒன்று குறைந்ததாம். அப்படி இடத்தை நிரப்புவதற்காகப் பாடியதுதான் 'பாம் பாம்' என்று நான்ஸி பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அடித்தளம் ரைலியிடம் தயாராக இருந்தது, ஸ்டாலாக். 'பாம் பாம்' என்ற பல்லவிச் சொல்லும் புதிதல்ல. 1966-ல் ஜமெய்க்காவில் முதன்முதலாக நடந்த விழாப் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய 'மேடல்ஸ்' குழுவின் பாட்டில் வந்தது அது. மனை ரைலியுடையது, வாசல் கதவு மேடல்ஸ் குழுவினுடையது. அப்படியானால் நான்ஸியுடையது என்ன என்று கேட்கலாம். மீதி வீடு முழுவதும் அவருடையதுதான். ஒரு பெண் மைக்கைப் பிடிக்கிறாளே என்று முகம் சுளித்தவர்களுக்கு இருபது வயதுப் பெண் சொல்கிற பதில் அந்தப் பாட்டு. கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. 'நான் இங்கேதான் இருக்கிறேன், பார்த்துக் கொள்ளுங்கள்' என்கிற தைரியம் குரலில் இருக்கிறது. ரிடிமின் நிதானம் அந்தத் தைரியத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. வேகமான வாத்தியம் பின்னால் ஓடியிருந்தால் அது வெறும் வாய்ச் சண்டையாகப் போயிருக்கும்.

டெனர் ஸாவின் பாட்டு வேறு மாதிரி. இரண்டு ஸவுண்ட் ஸிஸ்டங்கள் எதிரெதிரே நின்று போட்டியிடும்போது, தோற்கிற எதிராளி சாகிறான், எச்சரிக்கை மணியை அடியுங்கள் என்பது கருத்து. வெற்றி முழக்கந்தான். ஆனால் அவன் குரலில் அது ஒப்பாரிபோல் ஒலிக்கிறது. அந்த 1985-ஆம் வருஷத்தில்தான் வேய்ன் ஸ்மித் என்ற பாடகர், காஸியோ கம்பெனியின் சின்ன மின்சார வாத்தியத்திலேயே பொதிந்திருந்த ஒரு தாளத்தின்மேல் 'ஸ்லெங் டெங்' என்ற பாட்டைப் பாடி ஊரைக் கலக்கினார். கிதாரும் டிரம்ஸும் கைகட்டி நிற்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்போதுகூட மனிதக் கை வாசித்த இந்தப் பழைய ஸ்டாலாக், ஒரு பையன் குரலில் புதிதாக எழுந்து நின்றது. ரைலியும் சும்மா இருக்கவில்லை. அந்த ஒரே அடித்தளத்தின் பாட்டுகளைத் திரட்டி 'ஸ்டாலாக் 17, 18, 19' என்று ஒரு நீளத் தட்டே வெளியிட்டார். அந்தப் பெயரில் ஒரு வியாபாரியின் சிரிப்பு இருக்கிறது. டெனர் ஸா 1988-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் இறந்து போனான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயதுதான்.

இத்தனை பேர் கட்டிய வீடுகளில் வாடகை யாருக்குப் போயிற்று?

ஜமெய்க்காவில் அந்தக் காலத்து நடைமுறை எளிமையானது. தயாரிப்பாளர் கூடத்துக்கு வாடகை கொடுப்பார். வாத்தியக்காரர்களுக்கு இத்தனை பாட்டுக்கு இத்தனை என்று கூலி கொடுப்பார். பாடகருக்கும் கையில் ஏதோ கொடுப்பார். அதோடு ஒலிநாடா அவருடையது. அதன்மேல் நாளைக்கு வேறொருவரைப் பாட வைக்கலாம், நாளன்றைக்கு இன்னொருவரை. சட்டம் இருக்கத்தான் இருந்தது. பிரிட்டிஷார் 1911-ல் செய்து வைத்த பழைய பதிப்புரிமைச் சட்டம். சுதந்திரம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1993-ல்தான் ஜமெய்க்கா தனக்கென்று ஒரு பதிப்புரிமைச் சட்டம் இயற்றிக்கொண்டது. அதற்குள் இந்தக் கட்டுரையில் இதுவரை சொன்ன பாட்டுகள் எல்லாம் பாடி முடிந்துவிட்டன.

இந்த நடைமுறையை ஒரேயடியாகக் கண்டிக்க என்னால் முடியவில்லை. மனையைச் சுற்றி முள்வேலி போட்டு, 'அனுமதியின்றிப் பிரவேசிக்கக் கூடாது' என்று பலகை மாட்டியிருந்தால் எக்கோ வந்திருக்க மாட்டார். நான்ஸி வந்திருக்க மாட்டார். டெனர் ஸாவும் வந்திருக்க மாட்டான். வக்கீல் நோட்டீஸுக்குப் பயந்து நடந்திருந்தால் அந்தச் சின்னத் தீவிலிருந்து இத்தனை சங்கீதம் கிளம்பியிராது. கையில் காசில்லாத பையனும் பெண்ணும் வாத்திய கோஷ்டி வைத்துக்கொள்ள வேண்டாம், சங்கீதம் எழுதத் தெரிய வேண்டாம். குரலும் சொல்ல ஒரு விஷயமும் இருந்தால் போதும் என்ற நிலைமையை ரிடிம் உண்டாக்கிக் கொடுத்தது. இது பெரிய தர்மம். தாயாரின் பணத்தைப் போட்டு, ஓடுமா ஓடாதா என்று தெரியாத தட்டுக்குக் கூலி கொடுத்த ரைலியின் துணிச்சலும் அந்தத் தர்மத்தில் ஒரு பங்குதான்.

ஆனால் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் வாசலில் உண்டியலையும் வைத்தால், உண்டியல் கணக்கை ஒருநாள் யாராவது கேட்கத்தான் கேட்பார்கள்.

பத்திரிகைகளில் எழுதுகிற எங்களுக்கும் இந்தச் சங்கதி புதிதல்ல. கதைக்குச் சன்மானம் வருகிறது. ரசீதில் கையெழுத்துப் போடுகிறோம். ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்துப் பார்க்கிறவர் எங்களில் எத்தனை பேர்? கதை அச்சில் வந்ததே என்ற சந்தோஷத்தில் கை தானாகப் போட்டுவிடுகிறது. பல வருஷம் கழித்து, அந்தக் கதை ஏதோ ஒரு தொகுப்பில் கிடப்பதைப் புத்தகக் கடையில் புரட்டும்போது பார்க்க நேரும். அப்போது மனசில் எழுவது கோபமா, பெருமையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. காணாமற் போனதாக நினைத்த குழந்தை இன்னொருவர் வீட்டில் நன்றாக வளர்ந்து நிற்பதைப் பார்க்கிற மாதிரி இருக்கும். நான்ஸியின் கதையைப் படித்தபோது எனக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது. ஆனால் அவருடைய விஷயத்தில் அளவு வேறு. என் கதை தமிழ்நாட்டில் ஒரு கடையில் கிடந்தது, அவருடைய பாட்டு உலகம் முழுவதும் சுற்றியது.

'பாம் பாம்' வெளிவந்த சமயத்தில் ஜமெய்க்காவில் அவ்வளவாக எடுபடவில்லை என்று நான்ஸியே சொல்கிறார். அது வெளிநாடுகளில்தான் மெல்ல மெல்லப் பரவிற்று. 1996-ல் அவர் அமெரிக்காவில் நியூஜெர்ஸிக்குக் குடியேறினார். அங்கே ஒரு வங்கியில் கணக்கு வேலை. 1998-ல் 'பெல்லி' என்ற அமெரிக்கப் படத்தில் அவருடைய பாட்டு வந்தது. அதே வருஷம் லாரின் ஹில் என்ற புகழ் பெற்ற பாடகி தம்முடைய பாட்டு ஒன்றில் அதன் சாயலை எடுத்துக் கையாண்டார். பகலெல்லாம் பிறருடைய பணத்தைத் தம்பிடி பிசகாமல் எண்ணிக் கணக்கு எழுதுகிறவருக்குத் தம்முடைய குரல் சம்பாதித்த பணத்தின் கணக்கு மட்டும் தெரியாது. பாட்டு வெளிவந்து முப்பத்திரண்டு வருஷம் வரையில் தமக்கு உரிமைத் தொகை எதுவும் வரவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார்.

2014-ல் டெலிவிஷனில் ரீபாக் கம்பெனியின் காலணி விளம்பரம் ஒன்று வந்தது. பின்னணியில் அவருடைய குரல். சினிமாவைப் பொறுத்துக்கொண்டவர், மற்றவர்களின் பாட்டுகளைப் பொறுத்துக்கொண்டவர், செருப்பு விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்ளவில்லை. எந்தத் துரும்பு எப்போது ஒட்டகத்தின் முதுகில் கனக்கும் என்று யார் சொல்ல முடியும்? வக்கீலிடம் போனார். ரைலி அப்போது உயிரோடு இல்லை. 2011-ல் கிங்ஸ்டனில் தம் வீட்டிலேயே யாரோ சுட்டதில் காயமடைந்து, 2012 ஜனவரியில் காலமாகியிருந்தார். கடைசியில் சமரசம் ஏற்பட்டது. பத்து வருஷத்துப் பாக்கி நான்ஸிக்குக் கிடைத்தது; உரிமையில் பாதி அவர் பேருக்கு வந்தது. பிறகு அவர் வங்கி வேலையை விட்டுவிட்டு, மறுபடி மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். 2016-ல் கான்யே வெஸ்ட் அந்தக் குரலை எடுத்துத் தம் பாட்டில் சேர்த்தார். 2017-ல் ஜேய்-ஸீயும் பாப் மார்லியின் மகன் டேமியனும் சேர்ந்து அதன்மேல் ஒரு பாட்டுச் செய்தார்கள். இந்தத் தடவைகளில் கணக்குப் புத்தகத்தில் நான்ஸிக்கும் ஒரு பக்கம் இருந்தது.

மருமகனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டான்: "பாதிதானே மாமா கிடைச்சது? முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பத்து வருஷப் பாக்கி. இது நியாயமா?"

நியாயமா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். பாதி என்பது கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் சௌகரியமான எண். வேறு விதமாகப் பங்கு போட உட்கார்ந்தால் அந்த மனையில் எத்தனை பேருக்குப் பாத்தியதை இருக்கிறது பாருங்கள். ஆர்கன் வாசித்த காலின்ஸ், கூலி வாங்கிக்கொண்டு பாஸ் கிதாரையும் டிரம்ஸையும் வாசித்தவர்கள், 'பாம் பாம்' என்ற சொல்லை 1966-லேயே பாடி வைத்தவர்கள், அந்த மனைக்கு மதிப்பு ஏற்படும்படி முதலில் வந்து குடியிருந்த பிக் யூத், ஜெனரல் எக்கோ, இவர்களுக்கெல்லாம் எத்தனை அணா? ஸ்பானிஷ் டவுனில் ஓர் இரவு, விட்டுப்போன பாட்டைத் தாங்களாகவே பாடிய ஊர் பேர் தெரியாத கூட்டத்துக்கு எத்தனை? எந்தத் தராசிலும் இதை நிறுக்க முடியாது. நிறுக்க முடியாது என்பதையே காரணமாகச் சொல்லி முழுவதையும் ஒருவரே வைத்துக்கொள்வதும் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. அந்த வழக்கத்தின் கையிலிருந்து பாதியையாவது ஒரு பெண் வாங்கினாரே என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இன்னொன்றும் தோன்றுகிறது. எக்கோ 1980-லேயே போய்விட்டார். டெனர் ஸா 1988-ல் போய்விட்டான். அவர்கள் குரல்கள் இன்னும் ஆட்ட வெளிகளில் ஒலிக்கின்றன. ஆனால் கணக்குக் கேட்பதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும். உடம்பில் தெம்பு இருக்க வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் வேண்டும். நான்ஸிக்கு இந்த மூன்றும் வாய்த்தன. வங்கிச் சம்பளம் அவருக்கு வக்கீல் வீட்டு வாசல் வரையில் போகிற தைரியத்தைக் கொடுத்திருக்கும். கலையில் பிழைக்க முடியாமல் கணக்கு எழுதப் போனவரை அந்தக் கணக்கு வேலைதான் கலைக்குத் திருப்பி அனுப்பியது என்று சொன்னால் மிகையாகாது.

மருமகன் விடைபெறும்போது ஸ்டாலாக்கின் மூலத் தட்டை, குரலே இல்லாத அந்த 1973-ஆம் வருஷத்துத் தட்டை, என் கருவியில் ஏற்றி வைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் கேட்டேன். ஆர்கன் தன் பாட்டுக்குப் பேசுகிறது. கீழே பாஸ் கிதார் உலாவுகிறது. பாதியில் என்னை அறியாமல் நான் ஏதோ முனகத் தொடங்கியிருந்தேன். என் குரல் யாரும் காசு கொடுத்துக் கேட்கிற குரல் அல்ல. ஆனாலும் அந்த மனையில் எனக்கும் ஒரு மூலையில் இடம் இருந்தது.